கருப்பட்டிக்குப் பசியெடுத்த நாள்

டாக்டர் தன் கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். மறுமுனையை, மேஜைமேல் துண்டுக்குள் சுருண்டு கிடந்த கருப்பட்டியின் வயிற்றில் வைத்தார். கேட்டுப் பாருங்கள் என்று சைகை காட்டினார்.

கேட்டேன். நெஞ்சுப் பக்கமாக எங்கோ படபடவென்று ஒரு துடிப்பு வந்துகொண்டிருந்தது. வயிற்றுப் பக்கம் எதுவுமே இல்லை. வெளியே சத்தி ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது மட்டும் லேசாகக் கேட்டது.

"ஒண்ணும் கேக்கலீங்களே" என்றேன்.

"அதானுங்கம்மா பிரச்சனை. குடல் ஓடுற சத்தம் கேக்கோணும். இவனுக்கு நின்னுபோச்சுங்க."

அந்தக் குடலை நிறுத்தியவள் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, ஒரு நாள் முழுக்க நிதானமாகச் செய்தேன்.

மாடியிலிருந்து வந்த விருந்தாளி

கருப்பட்டி ஒரு கினி பிக். ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், வால் கிடையாது, கருப்பட்டி நிறத்தில் முடி. எலிக்கும் முயலுக்கும் நடுவில் கடவுள் ஒருமுறை மனசு மாறியதில் பிறந்தவன் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் மெஸ்ஸைத் தெரியும். இன்றைக்குத்தான் வருகிறவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். சரவணம்பட்டியில் இருபது வருஷத்துக்கு மேல் மெஸ் நடத்தியவள் நான். கண்ணாடிக் கட்டடங்கள் எழும்புவதற்கு முன்பே என் அடுப்பு எரிய ஆரம்பித்துவிட்டது. முழங்கால் மக்கர் செய்ததும் மெஸ்ஸை மூடிவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் கீழே இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டோம்.

மாடியில் இருந்தவள் ஜெனிஃபர். வால்பாறைக்காரி. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா எஸ்டேட்டில் தேயிலை பறித்துத்தான் அவளைப் படிக்க வைத்தார். இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்ததும், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு சிநேகிதியிடமிருந்து கருப்பட்டியை வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் மாடியில் அவள் பேச்சுக்குரல் கேட்கும். ஃபோனில் பேசுகிறாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவனிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரு மழைக்காலத்து வெள்ளிக்கிழமை அவள் கூண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். அம்மாவுக்குத் தாங்க முடியாத வயிற்று வலியாம். மலையிலிருந்து பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், குடலில் உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டுமாம். ஆட்டோ வாசலில் நின்றது. கூண்டையும் ஒரு பெரிய கவர் நிறையக் காய்ந்த புல்லையும் என்னிடம் கொடுத்துவிட்டு, "புல்லு மட்டும் எப்பவும் இருக்கணுங்க்கா, மத்ததெல்லாம் கொஞ்சமாப் போதும்" என்றாள்.

காதில் விழுந்தது. ஆனால் கவரைத் திறந்து பார்த்ததும் அது அவனுக்கு மெத்தை என்று முடிவு செய்துவிட்டேன். நம் வீட்டுக்கு வந்த ஓர் உயிருக்குக் காய்ந்த புல்லைப் போட்டு வாயை மூடச் சொல்லுவோமா? அதுவும் நான்? புல்லை அவனுக்கு அடியில் நன்றாக விரித்துவிட்டு, விருந்து வைக்க ஆரம்பித்தேன்.

முளைகட்டிய பச்சைப்பயறு, கேரட், வாழைப்பழம், ஊறவைத்த அவல். எல்லாவற்றையும் தின்றான். அதுகூடப் பெரிசில்லை. நான் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாலோ, பிளாஸ்டிக் கவர் சரசரத்தாலோ போதும், கூண்டுக்குள்ளிருந்து 'வீக், வீக்' என்று விசிலடிப்பான். என் மெஸ்ஸில் எத்தனையோ பேர் பசியோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படி உரிமையாக விசிலடித்துக் கேட்டவர் ஒருத்தருமில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மெஸ்ஸில் யாராவது சாதமோ குழம்போ கேட்டுக் குரல் கொடுத்தால், அடுப்படியிலிருந்தே "வாரேன், வாரேன்" என்பேன். பழக்க தோஷம், இவனுக்கும் அதையே சொன்னேன். பெருச்சாளிக்கு இவ்வளவு மரியாதையா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

வயிற்றைக் காயப்போட்டேன்

செவ்வாய்க்கிழமை காலையில் கூண்டைச் சுத்தம் செய்யும்போது பார்த்தேன். அவன் புழுக்கை எப்போதும் உருண்டு காய்ந்திருக்கும். அன்றைக்கு இளகிக் கூழாகிக் கிடந்தது. வயிறு கெட்டிருக்கிறது.

வயிறு கெட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெஸ்ஸில் அதற்கு ஒரே சட்டம்தான். ஒரு நாள் வயிற்றைக் காயப்போட வேண்டும். கண்டதைத் தின்றுவிட்டு முகம் வெளிறி வருகிறவர்களை அப்படியே திருப்பி அனுப்புவேன். கஞ்சித் தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்லுவேன். மறுநாள் பளிச்சென்று வந்து இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இதுதான் முதல் வைத்தியம்.

அதையேதான் இவனுக்கும் செய்தேன். கிண்ணத்தை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அடியில் இருந்த புல் அழுக்காகிவிட்டது என்று அள்ளித் தென்னைமரத்துக்கு அடியில் கொட்டிவிட்டு, சுத்தமாக நியூஸ் பேப்பர் விரித்தேன். தண்ணீர் மட்டும் வைத்தேன்.

அன்றைக்கு ஃபிரிட்ஜைத் திறந்தபோது இரண்டு முறை விசிலடித்தான். "சும்மா இரு கண்ணு, உன்ற நல்லதுக்குத்தான்" என்றேன்.

புதன்கிழமை காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தேன், விசில் வரவில்லை. வயிறு ஓய்வெடுக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மத்தியானம் ஒரு கேரட் துண்டை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். உடம்பைக் குறுக்கி, முடியெல்லாம் சிலிர்த்து, ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். விரித்த பேப்பர் விரித்தபடியே இருந்தது, ஒரு புழுக்கைகூட இல்லை.

தட்டைப் பார்க்கிற கண்

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், அதற்குப் பிறகு விழுகிற அடி அப்போதுதான் சரியாகப் புரியும்.

மெஸ் நடத்துகிறவள் சமையலை அடுப்படியில் கற்றுக்கொள்வதில்லை. கை கழுவுகிற இடத்தில்தான் கற்றுக்கொள்கிறாள். திரும்பி வருகிற தட்டுகளைப் பார்ப்பேன். பொரியல் அப்படியே இருந்தால் உப்பு கூடியிருக்கிறது. அரிசிம்பருப்புச் சாதத்தில் பூண்டை மட்டும் ஓரமாக ஒதுக்கியிருந்தால் அன்றைக்கு யாரோ பெண் பார்க்கப் போகிறார்கள். ஒரு கல்லூரிப் பேராசிரியர் ஒரு வாரம் தொடர்ந்து பாதித் தட்டை வைத்துவிட்டே போனார். எட்டாம் நாள் அவரை மறித்து, உடம்பைக் காட்டச் சொல்லி விரட்டினேன். மஞ்சள் காமாலை ஆரம்பமாகியிருந்தது. தட்டைப் பார்த்தே வியாதியைச் சொன்ன அம்மா என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்ட என்னிடம்தான், அந்தப் புதன்கிழமையே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, மிருக டாக்டர் நேற்றிலிருந்து எத்தனை புழுக்கை போட்டான் என்று கேட்டார். காலிப் பேப்பரை நான் மத்தியானம்தான் கவனித்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. பட்டினி போட்டதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"மனுசங்களுக்குச் சரிங்கம்மா. இதுக ஒரு நாள் பட்டினி கெடந்தாலே உள்ள எல்லாம் நின்னுரும். எந்நேரமும் எதையாச்சும் மென்னுட்டே இருந்தாத்தான் குடல் நகருமுங்க" என்றார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். அடைப்பு எதுவும் இல்லை, காற்று சேர்ந்திருந்தது. தோலுக்கடியில் நீர் ஏற்றினார், வலிக்கு ஊசி போட்டார், குடலை நகர்த்த மருந்து கொடுத்தார். பவுடரைத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, இரண்டு மூன்று மணிக்கொரு தரம் நாமே ஊட்ட வேண்டும். பிழைப்பானா என்று கேட்டேன். இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும் என்றார்.

அவர் சொன்ன மற்ற விஷயங்களை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அந்தக் காய்ந்த புல்தான் அவனுக்குச் சோறு. கேரட்டும் பழமும் நமக்கு ஜிலேபி மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு. அவன் பல் சாகிறவரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை மென்று மென்றுதான் அது தேய வேண்டும். தான் போட்டதிலேயே இளகிய ஒரு வகையை அவனே திரும்ப எடுத்துத் தின்பான், முதல் தடவை தப்பிய சத்து இரண்டாம் தடவையில் சேரும். நம்மைப் போலவே அவன் உடம்பிலும் வைட்டமின் சி தானாக உண்டாகாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். இவ்வளவையும் ஓர் உள்ளங்கை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் அவன் என் ஃபிரிட்ஜுக்கு விசிலடித்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு அந்த மேஜை முன்னால் கைகூப்ப வேண்டும் போலிருந்தது.

ஒரு கரண்டிக் கூழ்

வீட்டுக்கு வந்ததும் பெரிய துண்டில் அவனைச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் வைத்துக்கொண்டேன். முன்பல்லுக்குப் பின்னால், வாயின் ஓரமாகச் சிரிஞ்சை நுழைத்து, ஒரு சொட்டு விட வேண்டும். அவன் மென்று விழுங்குகிறவரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறிவிடும்.

நூறு பேருக்கு ஒரே மூச்சில் பரிமாறிய கை இது. ஒரு கரண்டிக்கும் குறைவான பச்சைக் கூழை அவனுக்குள் அனுப்ப முக்கால் மணி நேரம் ஆனது. பாதி என் புடவையில் வழிந்தது. முதல் நாள் அவன் மெல்லவே இல்லை, வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். திட்டுகிற பார்வை இல்லை. என்ன பார்வை என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இந்த வைத்தியம் அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. தண்ணி இறங்கிப்போன மோட்டாரை அப்படியே ஓட்டினால் கெட்டுவிடும், மேலிருந்து தண்ணி ஊற்றி ஊற்றித்தான் இழுக்க வைக்க வேண்டும், இதுவும் அதேதான் என்றார். அன்றிலிருந்து பெருச்சாளி என்கிற பேச்சு நின்றது. ராத்திரி முறையெல்லாம் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார். டாக்டர் காட்டியபடி அவன் வயிற்றை விரலால் மெதுவாக நீவிவிடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரராகிவிட்டார்.

ஜெனிஃபர் தந்த கவரில் மிச்சமிருந்த கைப்பிடிக் காய்ந்த புல்லை முன்னால் வைத்தோம். மோந்துகூடப் பார்க்கவில்லை. பிள்ளையார் கோயில் வாசலில் அருகம்புல் மாலை வாங்கி வந்தேன். பிள்ளையாருக்குச் சாத்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று பூக்காரம்மா ஒரு மாதிரி பார்த்தார். கருப்பட்டி அதையும் தொடவில்லை.

மூன்றாம் நாள் ஃபோன்

ஜெனிஃபர் தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். முதல் கேள்வியே அவனைப் பற்றித்தான். புதன்கிழமை, நன்றாகச் சாப்பிடுகிறான் என்றேன். வியாழக்கிழமை ஃபோட்டோ கேட்டாள். முந்தின வாரம் கேரட்டும் கையுமாக எடுத்ததை அனுப்பிவைத்தேன். இத்தனை வருஷத்தில் கெட்டுப்போன சாம்பாரை நான் ஒருத்தருக்கும் ஊற்றியதில்லை. அந்த ஃபோட்டோவை அனுப்பியபோது அதைத்தான் செய்கிறோம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவள் குரலே சரியில்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகியும் அம்மாவுக்கு வாயில் எதுவும் கொடுக்கவில்லையாம். டாக்டர் தினமும் வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிறாராம். குடல் இன்னும் ஓடவில்லை, சத்தம் வந்தால்தான் கஞ்சி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாராம்.

எனக்கு உட்கார முடியவில்லை. பொள்ளாச்சியில் ஒரு வயிறு, சரவணம்பட்டியில் ஒரு வயிறு. அங்கே சத்தம் வந்தால் சாப்பாடு. இங்கே சாப்பிட்டால்தான் சத்தம். அந்தப் பெண்ணிடம் இனியும் பொய் சொல்ல என்னால் ஆகவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புல்லை மெத்தை என்று நினைத்தது, பட்டினி போட்டது, பழைய ஃபோட்டோ, எல்லாம்.

"பட்டினி போட்டது நாந்தான் கண்ணு. அவன் ரெண்டு தடவ கேட்டான். நான் இல்லீன்னுபோட்டேன்" என்றேன்.

அவள் கேட்டது ஒன்றுதான்.

"இப்ப அவன் எங்கக்கா இருக்கான்?"

"என்ற மடியில."

"அப்பச் சரிங்க்கா. நானும் எங்கம்மா பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

அதற்குமேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பச்சைப் புல் கிடைத்தால் வைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். நான் ஃபோனை வைத்துவிட்டு அழுதேன்.

கொறங்காட்டுப் புல்

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மறுநாள் விடிந்ததும் காங்கேயம் பஸ் ஏறிவிட்டார். அவருடைய பெரியப்பா மகனுக்கு அங்கே கொறங்காடு இருக்கிறது. மாடு மேய்வதற்கென்றே கிளுவைச் செடியால் வேலி கட்டி விட்டுவைத்த நிலம். மருந்தடிக்கிற பேச்சே கிடையாது. மழை பெய்து கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரத்துக்கு நின்றதாம். காங்கேயம் காளைக்கு வைக்கிற புல்லை எதற்குக் கேட்கிறாய் என்று அண்ணன் விசாரித்திருக்கிறார். இவர், வீட்டில் ஒரு சின்ன ஜீவனுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

சாயங்காலம் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அவிழ்த்ததும் வீடெல்லாம் மழை நனைந்த காட்டு மணம். கழுவித் துடைத்து ஒரு புல் தாளை எடுத்து, துண்டுக்குள் இருந்தவன் மூக்கருகே பிடித்தேன்.

மூக்கு அசைந்தது. மீசை முன்னால் வந்தது. பிறகு நுனியை மட்டும் பல்லால் பிடித்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

அப்புறம் தாடை பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. தையல் மிஷினில் துணி நகர்கிற மாதிரி, அந்த நீளமான தாள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கறுக், கறுக் என்று ஒரு சின்னச் சத்தம். இருபது வருஷம் ஊருக்கே சோறு போட்டேன், ஓர் உயிர் சாப்பிடுகிற சத்தத்தை ஒரு நாளும் நின்று கேட்டதில்லை. மெஸ்ஸில் பாத்திரச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் அதை மூடிவிடும். அன்றைக்குக் கேட்டேன். உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் இருக்கிறதாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்று தாள் தின்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரின்மேல் மிளகளவில் ஆறு புழுக்கை இருந்தது. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, கூட்டிப் பெருக்க விடாமல் ரொம்ப நேரம் பார்த்தார்.

திங்கட்கிழமை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி என் காதில் மாட்டினார். உலை கொதிக்க ஆரம்பிக்கும்போது மூடிக்கு அடியில் ஒரு குமுறல் வருமே, அதேதான் அந்தச் சின்ன வயிற்றுக்குள் கேட்டது. நான் கழற்றிக் கொடுக்க மனசில்லாமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.

அன்று சாயங்காலம் ஜெனிஃபரும் கூப்பிட்டாள். அம்மாவுக்கு இரண்டு ஸ்பூன் கஞ்சி கொடுத்தார்களாம்.

பாக்கியிருந்த ஒன்று

எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் புல் தின்றான், எடை ஏறினான், கூண்டுக்குள் ஓடினான். எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் விசிலடிக்கவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தாலும் கவர் சரசரத்தாலும் பேசாமல் இருந்தான். வைத்ததைத் தின்பான், கேட்க மாட்டான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? இரண்டு முறை வாய் விட்டுக் கேட்டான். இரண்டு முறையும் நான் சும்மா இரு என்றேன். ஒரு வீட்டில் அப்படி ஆன பிறகு மனுஷர்களே கேட்க மாட்டார்கள்.

ஜெனிஃபர் திரும்பி வருவதற்கு முந்தின நாள் காலை. ரசத்துக்குக் கொத்தமல்லி எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். கவரைப் பிரித்தேன். மனசு வேறெங்கோ இருந்தது.

பின்னாலிருந்து, ரொம்ப மெதுவாக, "வீக்" என்றது.

நான் திரும்பவில்லை. காது ஏமாற்றுகிறதோ என்று அப்படியே நின்றேன். ஃபிரிட்ஜின் குளிர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர், "அம்மணி, உன்னையத்தான் கூப்புடறான்" என்றார்.

மறுபடியும் கேட்டது. இந்த முறை பழையபடி சத்தமாக, உரிமையோடு.

"வாரேன் கண்ணு, வாரேன்" என்றேன்.